ஒரு மாலை, ஒரு படம்: புதிய தன்னார்வலர்களுக்கு எந்த ஆவணப்படத்தைத் திரையிடுவது?

மருத்துவமனைப் படுக்கையோரம் உட்கார்ந்து, நோயாளிக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் துணையிருக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் நான் 11 ஆண்டுகளாக இருந்து வருகிறேன். தீக்காயப் பிரிவு, விபத்துப் பிரிவு, பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள் படுத்திருக்கும் வார்டு ஆகியவைதான் எங்கள் வேலையிடம். ஆண்டுதோறும் புதியவர்களுக்கான பயிற்சியின் முதல் நாள் மாலையில் ஒரு ஆவணப்படம் திரையிடுவது எங்கள் வழக்கம்; படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இவ்வாண்டு சேர்ந்திருப்பவர்கள் 32 பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், இல்லத்தரசிகள், ஆட்டோ ஓட்டுநர்கள் இருவர் என்று பலதரப்பட்டவர்கள். நூலகத்தின் மாடி அறை மாலை 5 மணி முதல் 8 மணி வரை எங்களுக்குக் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் நீட்ட முடியாது.

மனக்காயத்திலிருந்து மீள்வதையும் மனிதப் பரிவையும் பற்றிய நல்ல ஆவணப்படங்களுக்குப் பஞ்சமில்லை. நான் பலமுறை பார்த்து, குறிப்பெடுத்து, கடைசியில் நிறுத்திக்கொண்டவை ஆறு. அவற்றை எந்த அளவுகோலால் அளந்தேன் என்பதைச் சொல்லுமுன், அந்த அளவுகோல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பெண்கள்மீதான வன்முறையைப் பற்றிய ஒரு படத்தை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திரையிட்டேன். ஏறத்தாழ 20 நிமிடம் ஓடியிருக்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே போனார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் அவர் திரும்பி வரவே இல்லை என்பது உறைத்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கேனருகே நின்றிருந்தார். கையில் பிடித்திருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. கை நடுங்கி நடுங்கித் தளும்பிய தண்ணீரில் புடவையின் முன்பகுதி முழுக்க நனைந்திருந்தது. "ஒண்ணுமில்லக்கா, உள்ள புழுக்கமா இருந்துச்சு" என்றார். மறுநாள் பயிற்சிக்கு அவர் வரவில்லை. பிறருடைய வலிக்குத் துணையிருக்க வருகிறவர்களில் பலர் தம்முடைய வலியையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அதைக் கணக்கில் எடுக்கத் தவறினேன்.

அதனால் இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் 32 பேரில் யாருடைய காயத்தை இந்தப் படம் கீறும் என்பதுதான். அடுத்து, ஆறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைப் பற்றி அந்தப் படம் பொய் சொல்கிறதா என்று பார்க்கிறேன். எங்கள் வேலையில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை அவசரம்: எதிரே இருப்பவர் அழுகையை நிறுத்திவிட்டால் தேவலை என்று மனம் துடிக்கும், உடனே ஆறுதல் வார்த்தையைத் திணிப்பார்கள். அந்த அவசரத்துக்குத் தூபம் போடும் படம், எத்தனை விருது வாங்கியிருந்தாலும், எங்களுக்கு உதவாது. மூன்றாவதாக, துன்பப்பட்டவரிடம் கேமரா எப்படி நடந்துகொண்டது என்பதையும் கவனிக்கிறேன். நேரமும் மொழியும் இவற்றுக்குப் பிறகு வருபவை, ஆனால் நடைமுறையில் அவையே பல படங்களை வெளியே தள்ளிவிடும்.

காலத்தால் மூத்ததிலிருந்து தொடங்குகிறேன். 'லெட் தேர் பீ லைட்' என்ற படத்தை ஜான் ஹூஸ்டன் அமெரிக்க ராணுவத்துக்காக எடுத்தார். இரண்டாம் உலகப் போர் முனையிலிருந்து மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்கள், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மேசன் பொது மருத்துவமனைக்கு வந்து சேர்வதையும், அங்கே சிகிச்சை பெற்று வெளியேறுவதையும் அது காட்டுகிறது. 1946இல் தயாரான இப்படத்தை ராணுவமே முடக்கிவிட்டது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1980ஆம் ஆண்டின் இறுதியில்தான் தடை நீங்கியது. போர், வன்முறை போன்றவற்றின் பின்விளைவான மன உளைச்சல் நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் தனிப்பெயர் கிடைத்ததும் அதே 1980இல்தான். பெயரில்லாத நோயோடு வாழ்ந்தவர்களின் முகங்கள் 34 ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்து, நோய்க்குப் பெயர் வந்த ஆண்டில் வெளியே வந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்படத்தின் பலம் அந்த முகங்கள்தான். காதலியின் புகைப்படம் வந்ததும் அடக்கமுடியாமல் அழுதுவிட்டதாகச் சொல்லும்போதே மறுபடியும் உடைந்துபோகும் கறுப்பின வீரர் ஒருவரை நான் மறந்ததே இல்லை. மருத்துவர் அவரை நிறுத்தச் சொல்லவில்லை, அழ விடுகிறார். அந்தக் காட்சி எங்கள் பயிற்சிக்கென்றே எடுத்தது போலிருக்கும். ஆனால் அடுத்தடுத்து வரும் காட்சிகளில் சிக்கல் தொடங்குகிறது. நடக்க முடியாமல் தூக்கிவரப்பட்ட ஒருவருக்குச் சோடியம் அமிட்டால் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், அவர் எழுந்து நடக்கிறார். திக்கித் திணறியவர் ஊசிக்குப் பின் "என்னால் பேச முடிகிறது" என்று கத்துகிறார். சில வாரங்களில் அதே ஆட்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். அந்த வீரர்களின் மகிழ்ச்சி உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் வார்டுக்குள் முதன்முறை நுழையப்போகிற ஒருவர் இதைப் பார்த்தால், சரியான சாவியைத் திருப்பினால் பூட்டுத் திறந்துவிடும் என்ற எண்ணத்தோடு நுழைவார். அமெரிக்க அரசின் படைப்பு என்பதால் காப்புரிமைத் தடையில்லாமல் இலவசமாகக் கிடைக்கிறது, ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது என்ற வசதிகள் இருந்தும், இதை முழுப்படமாக முதல் நாளில் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அழும் வீரரின் காட்சியை மட்டும் மூன்றாம் வாரத்தில், அழுகையை எதிர்கொள்வது பற்றிய வகுப்பில் காட்டலாம்.

'ஃபார் சமா' இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. சிரியாவின் அலெப்போ நகரில் மாணவியாக இருந்த வாத் அல்-கதீப், அங்கே எழுச்சி தொடங்கியதிலிருந்து 2016 இறுதியில் முற்றுகையிடப்பட்ட பகுதியை விட்டு வெளியேறும்வரை எடுத்த காட்சிகளை, எட்வர்ட் வாட்ஸுடன் சேர்ந்து 2019இல் படமாக்கினார். அவருடைய கணவர் ஹம்சா மருத்துவர். குண்டு விழுந்துகொண்டே இருக்கும் ஊரில் மருத்துவமனையை நடத்துகிறார்கள், அங்கேயே குடியிருக்கிறார்கள், 2016 புத்தாண்டு நாளில் மகள் சமா பிறக்கிறாள். ஏன் இந்த ஊரைவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று மகளிடம் தாய் சொல்லும் விளக்கமாகவே படம் முழுதும் அமைந்திருக்கிறது.

இதில் ஒரு காட்சியை எழுதியே ஆக வேண்டும். காயமடைந்த நிறைமாதக் கர்ப்பிணிக்கு அவசர அறுவைசிகிச்சை செய்து குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். குழந்தை வெளுத்து, துவண்டு, அசைவற்றுக் கிடக்கிறது. முதுகைத் தேய்க்கிறார்கள், தட்டுகிறார்கள், தலைகீழாகப் பிடிக்கிறார்கள், மறுபடியும் தேய்க்கிறார்கள். பார்க்கிறவருக்கு, இது போதும், விட்டுவிடுங்கள் என்று தோன்றும் கட்டத்தைத் தாண்டியும் அந்தக் கைகள் நிற்பதில்லை. அப்போது குழந்தையின் கண் திறக்கிறது. நம்பிக்கை இழந்த பிறகும் கை வேலையைத் தொடர்வது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறு படம் எதையும் நான் பார்த்ததில்லை.

கேமராவின் நேர்மையைப் பொறுத்தவரை இந்த ஆறில் இதுவே முதலிடத்துக்கு உரியது, ஏனெனில் படமெடுப்பவர் வெளியாளாக இருந்து பிறர் துயரத்தைப் பதிவு செய்யவில்லை. அதே கூரையின்கீழ், அதே குண்டுக்குக் கீழே, தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கிறார். ஆயினும் இது ஆறுவதைப் பற்றிய படமன்று. காயம் இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. இறந்த குழந்தைகள் மறைப்பின்றிக் காட்டப்படுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ தந்தையோ எங்கள் 32 பேரில் இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆறு மாதம் வார்டில் வேலை செய்தவர்களுக்கு இதைக் காட்டுவேன். புதியவர்களுக்குக் காட்டமாட்டேன்.

காலத்தைப் பற்றிப் பொய் சொல்லாத படம் என்ற அளவுகோலில் முன்னே வருவது மாடலின் கேவின் இயக்கிய 'சிட்டி ஆஃப் ஜாய்'. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே புக்காவு நகரில், போரின்போது பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக 2011இல் திறக்கப்பட்ட மையத்தின் பெயரே படத்துக்கும் பெயர். பெண்கள் அங்கே ஆறு மாதம் தங்குகிறார்கள். படிப்பு, தற்காப்பு, பாட்டு, நடனம், தம் கதையைத் தாமே சொல்லும் பயிற்சி என்று நாள்கள் போகின்றன. மையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் டெனி முக்வேகே, 1999இல் தாம் நிறுவிய பன்சி மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அறுவைசிகிச்சை செய்தவர். 2018இல் நாடியா முராத்துடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2012இல் அவரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பின் அவர் நாட்டைவிட்டு வெளியேறியபோது, அவர் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டுக்காக அந்தப் பகுதிப் பெண்கள் அன்னாசிப்பழமும் வெங்காயமும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். நோயாளிகள் தம் மருத்துவரைத் திரும்பி வரவழைத்த இந்தச் செய்தியை, உதவி என்பது ஒருவழிப் பாதை என்று எண்ணிக்கொண்டு வரும் ஒவ்வொரு புதியவரிடமும் நான் சொல்வதுண்டு.

படத்தில் மீட்சி என்பது ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும் மட்டும் இருக்கும் அறையில் நிகழ்வதில்லை. இன்னொரு பெண்ணின் தோளில், கூட்டத்தின் நடுவில், கைதட்டலுக்கிடையே, மெதுவாக நிகழ்கிறது. இவ்வளவு நல்ல படத்தை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், அப்பெண்கள் சொல்லும் வாக்குமூலங்களின் கடுமைதான் காரணம். தண்ணீர்க் கேனருகே நின்ற பெண்ணை மறந்துவிட்டு இதை ஆண்களும் பெண்களும் கலந்த அரங்கில் முதல் நாளே போட என் மனம் இடம்கொடுக்கவில்லை. பெண்கள் மட்டும் கூடுகிற, ஆற்றுப்படுத்துநர் ஒருவர் உடனிருக்கிற இடம் வாய்த்தால், இதுவே என் முதல் தேர்வு.

நிஷா பஹுஜாவின் 'டு கில் எ டைகர்' படத்தையும் இதே காரணத்துக்காகத்தான் விட்டேன். ஜார்க்கண்டின் ஒரு கிராமத்தில், 13 வயது மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி கேட்டு நிற்கும் உழவரான தந்தையைப் பற்றியது. குற்றவாளிகளில் ஒருவனுக்கே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடு என்று ஊர் நெருக்கும்போதும் அவர் அசைவதில்லை. வயது வந்தபின் எடுத்த காட்சிகளைப் பார்த்து, தன் முகத்தை மறைக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணே முடிவு செய்தார் என்பது சம்மதம் பற்றிய பாடமாகவே வைக்கத்தக்கது. ஆனால் படம் 2 மணி நேரத்தைத் தாண்டுகிறது, பேச நேரம் மிஞ்சாது. இத்தகைய வழக்குகளில் அடையாளத்தை வெளியிடுவது தொடர்பான நம் நாட்டுச் சட்டத்தையும் கேட்டறியாமல் பொதுவில் திரையிடுவது முறையாகாது.

ஆக, மிஞ்சுபவை இரண்டு. வியப்பு என்னவென்றால் இரண்டுமே விலங்கையும் பறவையையும் பற்றியவை, இரண்டுமே 2022இல் வந்தவை, 2023 மார்ச் ஆஸ்கர் விழாவில் வெவ்வேறு பிரிவுகளில் இரண்டுமே போட்டியில் இருந்தன. நம் வீட்டார் அறிந்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறும் ஆவணப்படப் பிரிவில் விருதைப் பெற்றது; ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' முழுநீளப் பிரிவில் பரிந்துரையோடு நின்றது.

கார்த்திகி கொன்சால்வெஸின் யானைப் படத்துக்கு என் மனத்தில் பெரும் இடமுண்டு. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த ரகு என்ற குட்டியை வளர்க்கிறார்கள். மின்வேலியோ மின்கம்பியோ, எங்கோ பாய்ந்த மின்சாரம் ரகுவின் தாயைக் கொன்றது. பெள்ளியோ கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், மகளையும் இழந்தவர். உற்றாரை இழந்தவரும் தாயை இழந்த குட்டியும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதைச் சொல்லுக்கு அவசியமின்றிப் படம் காட்டுகிறது. நம் மொழி காதில் விழுகிறது. ஆங்கிலச் சப்டைட்டிலை எட்டிப் பிடிக்கப் படாதபாடு படும் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை, போன ஆண்டு நானே கண்டேன். 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பேசுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். வளர்ந்த ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கும்போது பெள்ளி படும் துயரம், பழகிய நோயாளி ஒருநாள் வீட்டுக்குப் போன பிறகு வெறும் கட்டிலைப் பார்த்து நிற்கும் எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்த துயரம்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, படம் அழகில் சற்று அதிகம் லயித்துவிடுகிறது என்பதுதான். காட்டின் ஒளியும் பனியும் குட்டிகளின் விளையாட்டும் மனத்தை அத்தனை இதமாக வருடுகின்றன. பராமரிப்பு வேலையின் சலிப்பு, பணமுடை, கோபம் எதுவும் உள்ளே நுழையவில்லை. போன ஆண்டு இதைத்தான் திரையிட்டோம். எல்லோரும் கண் கலங்கி, நிறைந்த மனத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் மாதத்தில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். படத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆனாலும் அன்பு இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்போடு அவர்களை வார்டுக்கு அனுப்பியது நான்தான்.

'ஆல் தட் ப்ரீத்ஸ்' படத்தில் அன்பு என்ற சொல்லைத் தேட வேண்டியிருக்கும். டெல்லியின் வசீராபாத் பகுதியில் நதீம், சவூத் என்ற அண்ணன் தம்பியும் அவர்களுக்கு உதவும் சாலிக் என்ற இளைஞரும் காயம்பட்ட கரும்பருந்துகளுக்குச் சிகிச்சை தருகிறார்கள். பட்டம் விடும் மாஞ்சா நூல்தான் பெரும்பாலும் இறக்கையை அறுக்கிறது. அந்த நூல் எப்படி அறுக்கும் என்பதைச் சென்னை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊனுண்ணும் பறவை என்று ஒரு பறவை மருத்துவமனை சேர்க்க மறுத்ததில் தொடங்கிய வேலை இது. உடற்பயிற்சி மோகத்தில் தசை, தசைநாண் பற்றித் தாங்கள் தெரிந்துவைத்திருந்ததைக் கொண்டே அண்ணனும் தம்பியும் கட்டுப்போடக் கற்றார்கள். 20 ஆண்டுகளில் அவர்கள் கையால் பிழைத்த பறவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். திரவச் சோப்புக் கருவிகள் செய்யும் குடும்பத் தொழில் நடக்கும் அதே நெருக்கமான அடித்தளத்தில்தான் அட்டைப்பெட்டிகளில் பருந்துகள் உட்கார்ந்திருக்கின்றன.

இறைச்சி அரைக்கும் இயந்திரம் பழுதாகிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள். அண்ணன் மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்புகிறார், தம்பியோ பறவைகளை விட்டு அகலமாட்டேன் என்கிறார். வெளியே 2020 தொடக்கத்தின் டெல்லி, வன்முறையின் சத்தம் வீட்டுச் சுவரைத் தொடுகிறது. படமோ அதைக் காதில் மட்டும் போட்டுவிட்டுப் பருந்தின் இறக்கைக்கே திரும்புகிறது. ஆற்றின் மறுகரையில் விழுந்து கிடக்கும் ஒரே ஒரு பறவைக்காக அவர்கள் தண்ணீரில் இறங்கி நீந்துவதையும், பாதி வழியில் மூச்சு வாங்குவதையும் பார்க்கும்போது, 32 பேரில் ஒருவராவது, ஒரு பறவைக்காகவா என்று கேட்பார். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும். பிழைப்பாரா என்று தெரியாத ஒருவருக்காக இரவு முழுக்க விழித்திருப்பவர்களிடம் உறவினர்களும் மருத்துவமனை ஊழியர்களும் அதே கேள்வியைக் கேட்கப்போகிறார்கள்.

குறைகளும் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, நடை மெதுவானது, தொடக்கத்தில் எலிகளையே நெடுநேரம் காட்டும் காட்சியில் சிலர் பொறுமையிழப்பார்கள். பேச்சு இந்துஸ்தானியில், சப்டைட்டில் ஆங்கிலத்தில். நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொன்னால் படம் செத்துவிடும் என்பதால், உரையாடலின் சுருக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்து நான்கு பக்கமாக முன்கூட்டியே கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். ஆனால் யாருடைய பழைய காயத்தையும் பிளந்து காட்டி வேடிக்கை பார்க்க வைக்காமல், துணையிருப்பவனின் களைப்பையும் பிடிவாதத்தையும் அன்றாடத்தையும் இந்த அளவுக்குச் சொல்லும் படம் வேறில்லை. எனவே இவ்வாண்டு முதல் மாலைக்கு இதையே எடுத்துக்கொண்டேன். யானைப் படத்தை மூன்றாம் மாதத்துக்கு, சோர்வு தலைதூக்கும் நேரத்துக்கு, ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

திரையிடும் முறையிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். படத்தில் என்ன வரும் என்பதை முதலிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவோம். பின்வரிசையில் ஒரு விளக்கு எரியும், வாசற்கதவைச் சாத்தமாட்டோம், எங்கள் மூத்த தன்னார்வலர் ஒருவர் படியருகே உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் உடனே கருத்துக் கேட்பதில்லை, தேநீர் குடித்த பிறகுதான் பேச்சு. நான்கு ஆண்டுகளுக்கு முன் பாதியில் எழுந்து போன பெண்ணைச் சென்ற வாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்து, இது என்ன படம் என்பதை விவரமாகச் சொல்லி அழைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வர்றேங்கா, கதவுப் பக்கம் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க" என்றார்.